பிளேடு மாற்றும் நேரம்

மளிகைக்கடையில் ஐந்து பிளேடு அடங்கிய சின்னப் பொட்டலத்தை வாங்கி, மேல்தாளைப் பிரித்து, உள்ளே இருக்கும் மெழுகுத்தாளையும் விலக்கினால் கையில் வருவது 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள ஓர் எஃகுத் தகடு. நீளம் சுமார் 43 மி.மீ., அகலம் 22 மி.மீ. நீளவாக்கில் இரண்டு பக்கமும் கூர். குறுக்கே இருக்கும் இரண்டு ஓரங்கள் மட்டும் மொண்ணை. விரல் வைக்க அதில் இருக்கும் இடம் அவ்வளவுதான். அப்படியே எடுத்துக் கன்னத்தில் வைத்தால் அது ஒழுங்காக எதையும் மழிக்காது. நெளியும், தோலைக் கீறும். மேலே ஒரு மூடி, கீழே ஒரு தட்டு, இரண்டையும் இறுக்கத் திருகுள்ள ஒரு கைப்பிடி என்று மூன்றும் சேர்ந்து அதை வளைத்துப் பிடிக்கும்போதுதான் அதற்கு விறைப்பு வருகிறது. ரேசர் என்கிற பொருளின் வேலை முதலில் இதுதான்: தானாக நிற்க முடியாத ஒரு கூருக்கு உடம்பு கொடுப்பது.

ரேசரின் வடிவமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் கோணத்தைப் பற்றி நிறைய எழுதுவார்கள். பிளேடு தோலோடு சுமார் முப்பது டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், கூருக்கும் காப்புப் பட்டைக்கும் நடுவே அரை மில்லிமீட்டரோ சற்றே அதிகமோ இடைவெளி வேண்டும், கூர் எவ்வளவு வெளியே எட்டிப்பார்க்கலாம் என்றெல்லாம். எல்லாமே முக்கியம்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முன்பே நல்ல விடைகள் கிடைத்துவிட்டன. இன்னும் சரியான விடை கிடைக்காதது பிளேடு மாற்றும் அந்த ஒரு நிமிஷத்துக்கு. ரேசர் அப்போது பிரிந்து கிடக்கிறது, கூர் வெறுமனே வெளியே தெரிகிறது, கை ஈரமாக இருக்கிறது. எளிமையான ரேசர் என்று ஒன்றைச் சொல்வதானால் அந்த நிமிஷத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த எண்ணத்தை எனக்குள் போட்டவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். மைசூரின் மேற்கே, நான்கு ஸ்டேஜாக விரிந்துகிடக்கும் விஜயநகரில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். இவர் கும்பகோணத்துக்காரர், தொழிற்சாலையொன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். எண்பது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது. ஆனாலும் காலையில் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள வேண்டும் என்பதில் பிடிவாதம். "ஷேவ் நானே பண்ணிக்கிறேன் தம்பி. பிளேடு மாத்தறதுக்குத்தான் யாராவது வேண்டியிருக்கு" என்றார்.

அவர் மாற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் விஷயம் புரியும். மழிக்கும்போது ரேசரின் தலை கன்னத்தில் ஊன்றிக்கொள்கிறது. முகமே கையைத் தாங்குகிறது. பிளேடு மாற்றும்போது ஊன்ற எதுவும் இல்லை. கைப்பிடியைத் திருகிக் கழற்றி வாஷ்பேசின் ஓரத்தில் வைக்கிறார், அது உருள்கிறது. மூடியையும் தட்டையும் பிரிக்கிறார். பழைய பிளேடு சோப்பு ஈரத்தில் மூடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. நகத்தால் நெம்ப வேண்டும். மொண்ணை ஓரங்களைப் பிடித்து எடுக்கலாம் என்றால் அவருடைய ரேசரில் மூடி அந்த ஓரங்களையும் சேர்த்து மூடிவிடுகிறது. பார்க்க அழகு, பிடிக்க இடமில்லை. மூடியின் ஓரங்களைக் கொஞ்சம் குறைத்து, பிளேடின் மொண்ணை முனைகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்த பழைய ரேசர்களும் உண்டு. இரண்டு மில்லிமீட்டர் உலோகத்தைக் குறைத்ததில் எத்தனை விரல்கள் தப்பித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பாதுகாப்பான ரேசர் என்ற யோசனை பாரிஸில் கத்தி செய்துகொண்டிருந்த ழான்-ழாக் பெரே என்பவரிடமிருந்து வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதி. தச்சரின் இழைப்புளியைப் பார்த்து, கட்டையிலிருந்து உளி துளியளவே வெளியே தெரிவது போலச் சவரக்கத்திக்கும் ஒரு மர உறை போட்டார். 1880இல் அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் தலையும் கைப்பிடியும் உள்ள ரேசருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதில் இருந்ததும் கனமான கத்தித் துண்டுதான். மழுங்கினால் வெளியே எடுத்துத் தோல்வாரில் தீட்டித் திரும்ப வைக்க வேண்டும். காயம் படாமல் மழிக்க வழி வந்துவிட்டது. தீட்டும் வேலை அப்படியே இருந்தது.

தீட்டுவதையே ஒழித்துவிடலாம் என்று 1895இல் நினைத்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் விற்பனையாளர். அவருக்கு உலோகம் தெரியாது. காகிதம்போல் மெலிந்த எஃகைக் கடினமாக்கிக் கூராக்குவது நடக்காத காரியம் என்று தெரிந்தவர்கள் கைவிரித்த இடத்தில், வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதற்கான வழியையும் இயந்திரங்களையும் உண்டாக்கினார். 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. தன் பிளேடுக்குத் தனியாக விறைப்பு கிடையாது, வெளியிலிருந்துதான் தாங்கல் வேண்டும் என்பதை அந்தப் பத்திரத்திலேயே உரிமைக் கோரிக்கையாக எழுதியிருக்கிறார். பலவீனத்தையே கண்டுபிடிப்பின் மையமாக வைத்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. விற்பனைக்கு வந்த 1903இல் போனவை 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேசர்கள் தொண்ணூறாயிரத்தைத் தாண்டின. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு 35 லட்சம் ரேசரும் 3.2 கோடி பிளேடும் வாங்கிக் கொடுத்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள்.

கூர் என்று வரும்போது எங்கள் மைசூரையும் சொல்லாமல் போக முடியாது. திப்பு வீழ்ந்ததற்கு அடுத்த வருடம், 1800இல், மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்க்க அனுப்பப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் இங்கே மண்மூசைகளில் இரும்பை அடைத்து எஃகு உருக்குவதைப் பார்த்து விரிவாகக் குறித்துவைத்தார். அந்த மாதிரி இந்திய எஃகின் கட்டிகள் அதற்கும் முன்பே, 1790களில், லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயிருந்தன. லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதை வருடக்கணக்கில் சோதித்துவிட்டு, ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகைவிட இந்திய எஃகே தனக்கு உகந்தது என்று கடை விளம்பர அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார். இதே ஸ்டோடார்டோடு சேர்ந்துதான் மைக்கேல் ஃபாரடே எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். மூசையடியில் நின்றவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

எவ்வளவு நல்ல எஃகானாலும் மயிர் அதை வென்றுவிடுகிறது. எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது மயிர். அது எப்படிக் கூரை உடைக்கிறது என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் மழித்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். கூர் மெல்லத் தேய்வதால் மட்டும் மழுங்குவதில்லை. எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், வளைந்த மயிர் சாய்வாக வந்து மோதும்போது நுண்ணிய சில்லு பெயர்கிறது. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். அது மழிப்பதைப் போலவே தினசரி வாழ்க்கையின் ஒரு பகுதி. அதை வடிவமைப்பாளர்கள் ஒரு பின்னிணைப்பாக நினைத்தது எனக்கு விளங்காத புதிர்.

அதையே மையமாக நினைத்தவர்களும் இருந்தார்கள். ஜேக்கப் ஷிக் ராணுவ அதிகாரி. துப்பாக்கியில் தோட்டா ஏறுவதுபோல் பிளேடும் ஏற வேண்டும் என்று 1920களில் யோசித்தார். அந்த யோசனையிலிருந்து வந்த ரேசரில், உலோகச் சிமிழைப் பக்கவாட்டில் செருகித் தள்ளினால் புதிய பிளேடு உள்ளே போகும், பழையது மறுபக்கம் வெளியே விழும். விரல் எஃகைத் தொடவே வேண்டாம். பிளேடு மாற்றுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த பிளேடு அந்த ரேசருக்கு மட்டும்தான். தெருமுனைக் கடையில் கிடைக்காது.

இங்கே இரட்டைப்பக்க பிளேடின் நடுத்துளையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜில்லெட்டின் ஆரம்ப பிளேடில் வட்டமான மூன்று துளைகள். காப்புரிமைக் காலம் 1921இல் முடிந்ததும் மற்றவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். 1930 வாக்கில் ஹென்றி கெய்ஸ்மன் என்ற போட்டியாளரின் பிளேடோடு பெரிய தகராறு வந்து, கடைசியில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. அந்தச் சண்டையின் ஊடாக உருவான நீண்ட துளைதான் இன்றைக்கும் உலகம் முழுக்க. எந்த நாட்டு பிளேடும் எந்த நாட்டு ரேசரிலும் உட்காரும். தாத்தாவின் ரேசரில் இன்று காலை வாங்கிய டோபாஸும் சூப்பர்மேக்ஸும் செவன் ஓ கிளாக்கும் பொருந்தும். யாரும் திட்டமிட்டு ஏழைகளுக்காகச் செய்ததல்ல. ஆனால் ஏழைகளுக்குக் கிடைத்த ஒரு பெரிய சொத்து. பின்னால் வந்த கார்ட்ரிட்ஜ்கள் அதைக் கைவிட்டன. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பூட்டு, அதற்கு ஒரு சாவி.

ஜில்லெட்டே இந்தியாவுக்கென்று செய்த ரேசரின் கதை வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2002இல் வெக்டர் என்று ஒன்று வந்தது. அமெரிக்காவில், எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். அவர்கள் பாராட்டினார்கள். இந்தியாவுக்கு வந்தபோது அது எடுபடவில்லை. அந்த மாணவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. இங்கே தரையில் உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீரில், மங்கலான வெளிச்சத்தில், கைக்கண்ணாடியைச் சாய்த்துவைத்து மழிப்பவனுக்கு மயிர் இடுக்கில் அடைத்துக்கொண்டது. அடுத்த தடவை அதிகாரிகளே கிளம்பி வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மூவாயிரம் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். 2010இல் வந்தது கார்ட். ஒற்றை பிளேடு. அலச வசதியான அகன்ற இடைவெளி. ஜில்லெட்டின் மாக்-3 ரேசரில் 25 உறுப்பு இருந்த இடத்தில் இதில் நான்கு. கைப்பிடியின் அடியில் ஆணியில் மாட்ட ஒரு துளை. அப்போது ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். குவளைத் தண்ணீர்க்காரனைப் பார்த்து, அவனுக்காகவே குறைத்துச் செய்தது அது. அந்த மரியாதைக்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் மாற்றுத் தலையும் அதற்கு மட்டும்தான் பொருந்தும் என்பதை மறக்கவும் முடியவில்லை.

பிளேடு மாற்றுவதில் நம் ஊரின் மிகச் சிறந்த தீர்வு எந்தக் கம்பெனியிலும் பிறக்கவில்லை. அது சலூனில் இருக்கிறது. மூன்றாம் ஸ்டேஜில் நான் போகும் கடையில், நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் "ஹொஸ பிளேடு அண்ணா" (புது பிளேடு) என்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுவார். தாளைப் பிரிக்கமாட்டார். தாளோடு சேர்த்து பிளேடை நீளவாக்கில் இரு விரலால் மடக்குவார். 'டக்' என்று இரண்டாக ஒடியும். ஒரு பாதியைத் தாளுக்குள்ளேயே விட்டு, மற்றப் பாதியின் முதுகை மட்டும் வெளியே தள்ளிக் கத்திப் பிடியின் இடுக்கில் செருகி, மூடி அழுத்திய பிறகுதான் தாளை உருவுவார். எஃகு உலோகத்துக்குள் போய்ச் சேரும்வரை தாள் அதைவிட்டு விலகுவதில்லை. ஒரு பிளேடு இரண்டு பேருக்கு. வேலை முடிந்ததும் பிடியைத் திறந்து ஒரு தட்டு தட்டுவார். பாதி பிளேடு மூடியில் கீறல் போட்ட பழைய பவுடர் டப்பாவுக்குள் விழும்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் பயம் இருந்தது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, ஆளுக்கொரு பிளேடு என்ற பேச்சு சலூன்வரை வந்தது. ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டி ஊருக்கெல்லாம் மழித்த காலம் முடிந்தது. கத்தியின் பிடிப்பும் வீச்சும் அப்படியே இருக்க, கூர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும் கருவி பரவியது. தலைமுறையாகக் கையில் ஏறிய வித்தையை அது கெடுக்கவில்லை. அதனால்தான் அது நிலைத்தது.

மழித்தல் என்பது யாருக்கு யார் செய்வது என்ற கேள்வி நம் நாட்டில் வெறும் வசதிக் கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. கிராமத்தில் நாவிதர் குடும்பம் வீடு வீடாகப் போய் மழித்து, களத்தில் அளந்து போட்ட நெல்லை வாங்கிக்கொண்டது. அந்தக் கத்தி சிலர் வாசலுக்குப் போகக்கூடாது என்று ஊர் சொன்னது. சாதாராவில் எந்த நாவிதரும் மழிக்க ஒப்பாததால் அக்காதான் தங்களுக்கெல்லாம் முடி வெட்டி மழித்துவிட்டாள் என்று அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பழைய காலம் என்று தள்ளிவிட வழியில்லை. எங்கள் மைசூர் மாவட்டத்திலேயே, நஞ்சன்கூடு தாலுகாவின் ஹல்லரே கிராமத்தில், தலித்துகளுக்கு முடிவெட்டியதற்காகச் சலூன்காரர் ஒருவருக்கு ஊரார் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் போட்டு ஒதுக்கிவைத்த செய்தி 2020 நவம்பரில்தான் வந்தது. மலிவான ரேசரும் எங்கும் கிடைக்கும் பிளேடும் ஒருவன் கையில் இருப்பதற்கு இந்த மண்ணில் ஓர் அர்த்தம் உண்டு. இன்னொருவனின் அனுமதிக்காக அவன் முகம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கொடுமைக்குச் சட்டமும் போராட்டமும்தான் பதில், ரேசர் அல்ல. இருந்தாலும், எளிய ரேசர் செய்ய உட்காருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பெரியவருக்காக நான் வரைய ஆரம்பித்த ரேசர் சலூன்காரரின் தாளிலிருந்துதான் தொடங்கியது. முழு பிளேடு, கடையில் கிடைக்கிற எதுவானாலும். மூன்று பாகமாகப் பிரியாத தலை. பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். அதை மடக்கினால் மூடி இரண்டு மில்லிமீட்டர் எழும்பும், கழன்று வராது. குறுக்கு ஓரம் முன்னால் வர, தாளோடு பிடித்த பிளேடை நீளவாக்கில் அந்த இடைவெளிக்குள் நுழைத்து, உள்ளே போகப் போகத் தாளைப் பின்னால் உருவ வேண்டும். நெம்புகோலை விட்டால் மூடியின் கீழிருக்கும் இரண்டு குமிழ்கள் நடுத்துளையில் இறங்கி, பிளேடை வளைத்து இறுக்கும். கழற்றும்போது நெம்புகோலை மடக்கி ரேசரை டப்பா மேல் சாய்த்தால் பழையது நழுவி விழ வேண்டும். வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல் மேலே திறக்கும் ரேசர்கள் பழைய காலத்திலேயே உண்டு. கழன்று தொலைந்துபோக அதிலும் எதுவும் இல்லை. ஆனால் அதன் உள்ளே சோப்பும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து இறுகிக்கொள்ளும் நுண்ணிய மூட்டுகள் ஏராளம். நான் வேண்டுவது மொத்தம் ஐந்து உறுப்பைத் தாண்டக்கூடாது.

பெரியவர் படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஈரத் தகடு தட்டுல ஒட்டிக்குமே, எப்படி நழுவும்?" டூல் ரூமில் காலம் தள்ளியவரின் கேள்வி. வழவழப்பான இரண்டு பரப்புக்கு நடுவில் ஒரு படலம் தண்ணீர் போதும், மெல்லிய எஃகு அசையாது. "தட்டுல வரி வரியாப் போடுங்க தம்பி, மேல மட்டும் தொட்டுக்கிட்டு இருக்கட்டும்" என்று பென்சிலால் ஐந்தாறு கோடு போட்டார். சரியான யோசனை. தொடும் பரப்பு குறைந்தால் படலம் உடையும், காற்று உள்ளே போகும், அலசுவதற்கும் வழி கிடைக்கும். நெம்புகோல் இன்னும் நீளமாக, கட்டைவிரல் முழுதும் பதியும்படி வேண்டும் என்றார். விரல் நுனியில் நடுக்கம் அதிகம், விரலின் அடியில் குறைவு. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது அது.

செய்வதற்கு ஊரில் வசதி இருக்கிறது. பக்கத்திலேயே ஹெப்பாள் தொழிற்பேட்டை. பிளாஸ்டிக் பொறியியலுக்கான சிப்பெட் நிறுவனமே அங்கே இருக்கிறது. பித்தளையா, நைலானா என்பது விலையைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது.

பழைய பிளேடு விழும் டப்பாவுக்கு மட்டும் ஊர் இன்னும் தயாராகவில்லை. அமெரிக்க வீடுகளில் ஒரு காலத்தில் குளியலறை அலமாரியின் பின்பக்கம் ஒரு கீறல் இருக்கும். பழைய பிளேடு அதன்வழியே சுவருக்குள் விழுந்துவிடும். 1940களில் ஜில்லெட் பிளேடு வைத்து விற்ற சிமிழிலேயே பழையதைப் போட ஓர் அறை வந்தது. இன்றைக்கும் பத்து பிளேடு பிளாஸ்டிக் பெட்டிகள் சிலவற்றில் அது உண்டு. நம் மளிகைக்கடையில் அதிகம் போவது ஐந்து பிளேடு தாள் பொட்டலம். அதில் கிடையாது. பழையது ஜன்னல் விளிம்பில் துருப்பிடிக்கும், இல்லாவிட்டால் குப்பைக்கூடைக்குப் போகும். தூய்மை நகரங்களின் தேசியப் பட்டியலில் 2015இலும் 2016இலும் மைசூர் முதலிடம் வாங்கியது. வாங்கிக் கொடுத்தவர்கள் காலையில் வண்டியோடு வரும் பௌரகார்மிகர்கள் என்கிற துப்புரவுப் பணியாளர்களும், கும்பாரகொப்பல் போன்ற மையங்களில் குப்பையைக் கையால் பிரிப்பவர்களும்தான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவுகளை வரிசைப்படுத்தியபோது பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டன, பிளேடைக் குறிப்பிடவில்லை. அதே விதிகள் சானிட்டரி நாப்கின் தயாரிப்பவர்களை, பயன்படுத்தியதைச் சுற்றிப்போட ஓர் உறையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. பிளேடு கம்பெனிகளிடமும் இதைக் கேட்கலாம். ஐந்து பிளேடு பொட்டலத்தின் அட்டையைக் கொஞ்சம் தடிமனாக்கி, ஒரு பக்கம் கீறல் போட்டு, உள்ளே போனது வெளியே வராதபடி ஒரு மடிப்பு வைத்தால் போதும். மாநகராட்சி இதைக் கேட்டு எழுத வேண்டும். சலூன்களின் டப்பாக்களை மாதத்துக்கு ஒரு தடவை தனியாக வாங்கிக்கொள்ளவும் மாநகராட்சியே ஏற்பாடு செய்யலாம்.